எதுவரைக்கும், கர்த்தாவே?

புதுவருஷ ஆராதனை முடிந்து கைக்கு வருகிற வாக்குத்தத்த அட்டையில் 88ஆம் சங்கீதத்தை யாரும் அச்சடிப்பதில்லை. 23 வரும், 91 வரும், 121 வரும். எரேமியா 29:11 எப்படியும் வந்துவிடும். அட்டை பைபிளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிப்ரவரியில் பயாப்சி ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு அதே அட்டையை எடுத்துப் பார்த்தால் வாய் வராது. ‘ஸ்தோத்திரம்’ தொண்டையிலேயே நின்றுவிடும். நம் விசுவாசம் இவ்வளவுதானா என்ற பயம் அந்த வீட்டில் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.

அப்படிப் பயப்பட வேண்டியதில்லை. இந்த மாதிரி நாட்களில் தேவனிடம் பேசுவதற்கென்றே வேதத்தில் ஒரு பேச்சு முறை இருக்கிறது. சபைகள் அதைப் பழக்கிக் கொடுக்காமல் விட்டுவிட்டன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை. லெந்து நாட்களில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும்; பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் கேட்கும்; ஈஸ்டர் காலையோடு மூடி வைத்துவிடுவோம். நோயும் நீண்ட சிகிச்சையும் உள்ள வீட்டில் அந்த மூன்றில் ஒரு பங்கை எப்படி எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் இங்கே பேச்சு. கத்தோலிக்க வாசகர்கள் ‘திருப்பாடல்’ என்று தேடவேண்டும். மிகப் பழைய கத்தோலிக்கப் பதிப்பானால் எண் ஒன்று குறைந்திருக்கலாம். கீழே வரும் வரிகள் புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

தொடங்க வேண்டிய இடம் 13. ஆறே வசனம், நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் ‘எதுவரைக்கும்’ நாலு முறை. முதல் இரண்டும் தேவனைப் பற்றி, மூன்றாவது தன் மனசைப் பற்றி, நாலாவது சத்துருவைப் பற்றி. இரண்டாம் வசனத்தில் “நித்தம் நித்தம்” என்று ஒரு சொல் வருகிறது. நாள்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த இடத்தில் நிற்பார்கள், ஏனென்றால் அவர்களைத் தேய்ப்பது அந்த நித்தம் நித்தம்தான். 3, 4 வசனங்களில் சங்கீதக்காரர் நேரடியாகக் கேட்கிறார்: நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கேட்டுவிட்டுக் காரணமும் சொல்கிறார்: இல்லாவிட்டால் செத்துப்போவேன், பகைஞன் சிரிப்பான். ஐந்தாவதில் திரும்புகிறது: “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.”

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்ன நடந்தது? சங்கீதத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. சுகம் வந்ததாகவோ சத்துரு ஓடியதாகவோ ஒரு வரி இல்லை. அச்சில் அது ஒரு வரி இடைவெளி. வாழ்க்கையில் அது எட்டு மாசமாக இருக்கலாம். ஆகவே ரிப்போர்ட் வந்த முதல் வாரத்தில் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. ஐந்தாம் வசனத்தை அன்றைக்கு வேறொருவர் வாசிக்கட்டும். சபை என்று ஒன்று இருப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

இந்த அமைப்பை வைத்துக்கொண்டு சொந்த வார்த்தையில் எழுதுவது அடுத்த படி. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். டயாலிசிஸ் போகிற வீடு என்றால் இப்படி வரும்: “கர்த்தாவே. வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், இந்த மெஷின் பக்கத்தில் எதுவரைக்கும் உட்கார்ந்திருப்பது? தாகத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க முடியாமல் அவர் படுகிற பாட்டை நீர் பார்க்கவில்லையா? இந்த வாரம் ஊசி குத்துகிற கை வீங்காதபடி காத்தருளும். வீட்டுக்காரரிடம் இன்னும் ஒரு மாத வாடகைக்குத் தவணை கிடைக்கப்பண்ணும். போன மழைக்காலத்தில் நடத்தினீர் என்பதை மறக்கவில்லை.” கூப்பிடுவது ஒரு சொல், முறையீடு இரண்டு வரி, விண்ணப்பம் இரண்டு வரி, கடைசியில் நினைவு ஒன்று. விண்ணப்பம் இந்த வாரத்துக்கானதாக, கைக்குள் அடங்கும் அளவில் இருக்கவேண்டும். ‘எல்லாவற்றையும் மாற்றும்’ என்று எழுதினால் அடுத்த வாரம் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது. தேதி போட்டு எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புரட்டும்போது தேதிதான் பேசும்.

இது தவறிப்போகிற விதம் இரண்டு. முதலாவது, முறையீட்டைத் தாண்டிக் குதிப்பது. “எல்லாம் அவர் சித்தம், குறை சொல்லக்கூடாது” என்று வாய் சொல்லும், இரவு இரண்டு மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருக்கும். இரண்டாவது இதற்கு எதிர்ப்பக்கம்: முதல் வசனத்திலேயே சுழன்றுகொண்டிருப்பது. மாதக்கணக்கில் ‘ஏன்’ மட்டும் எழுதியிருக்கிற நோட்டில் விண்ணப்பமே இருக்காது. அப்படியானால் 77ஐ எடுங்கள். 7 முதல் 9 வரை ஆறு கேள்விகள், ஒன்றைவிட ஒன்று கடுமை: “ஆண்டவர் நித்தியகாலமாய்த் தள்ளிவிடுவாரோ?” என்று தொடங்கி, தயைசெய்ய மறந்துவிட்டாரோ என்பதுவரை போகிறது. பதிலை அந்த ஆள் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. செங்கடல் பிளந்த பழைய கதையை எடுத்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். ‘ஏன்’ ஓயாதபோது பாட்டி காலத்துப் பஞ்சத்திலிருந்து குடும்பம் கடந்துவந்ததை உட்கார்ந்து சொல்வது அதே வேலையைச் செய்கிறது.

இப்போது 88. பதினெட்டு வசனம், 13இன் ஐந்தாம் வசனத்துத் திருப்பம் மாதிரி எதுவும் இல்லை. “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்ற முதல் கூப்பிடுதல் ஒன்றுதான் வெளிச்சம். முடிவில் சிநேகிதனும் தோழனும் விலகிப்போகிறார்கள். எபிரெயுவில் கடைசிச் சொல்லே ‘இருள்’. தொகுத்தவர்கள் இதற்கு ஒரு நல்ல வரியை ஒட்டவைத்திருக்கலாம், ஒட்டவில்லை. அடுத்த 89ஆம் சங்கீதமும் பெரும் முறையீட்டில்தான் போய் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் சங்கீதத் தொகுப்பின் ஐந்து புத்தகங்களில் மூன்றாவதை முடிக்கிற “ஆமென், ஆமென்” வருகிறது. நடுங்காமல் 88ஐ வாசித்துவிட்டு மூடி வைக்கலாம் என்பதற்கு இதைவிட அனுமதி வேண்டுமா?

வாக்குத்தத்த வசனங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவற்றை இருக்கிற இடத்தில் வைத்து வாசித்தால் இன்னும் அதிகம் தாங்கும். “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற புலம்பல் 3:23 காலண்டரில் ரோஜாப்பூவோடு தொங்கும். அதே அதிகாரம் 16ஆம் வசனத்தில், அவர் பருக்கைக்கற்களால் என் பற்களை நொறுக்கினார் என்கிறது. ஏழே வசன இடைவெளி. அதை எழுதியவர் எரிந்துபோன எருசலேமுக்குள் இருந்து எழுதுகிறார். எரேமியா 29:11 இன்னும் கஷ்டமான இடம். “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்பதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம் இது; அது கிடைத்த பெரியவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவைப் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது 5ஆம் வசனம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பலனைச் சாப்பிடுங்கள். இந்த வருஷமே எல்லாம் மாறும் என்று அட்டையை வைத்துச் சொல்கிறவர் பத்தாம் வசனத்தை மறைத்துவிட்டுச் சொல்கிறார். (‘பயப்படாதே’ என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று சொல்வதும் இந்த ரகம்தான். எண்ணிப்பார்த்தால் அவ்வளவு வராது.)

‘சோதனை’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படுகிற பாடும் சோதனைதான், பாவத்துக்கு இழுக்கிற ஆசையும் சோதனைதான். 1 கொரிந்தியர் 10:13இல் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்பது இரண்டாவது அர்த்தத்தை ஒட்டி வருகிறது; சுற்றியிருப்பது விக்கிரகாராதனையும் இச்சையும் பற்றிய பேச்சு. அதை எடுத்து, குழந்தையைப் பறிகொடுத்தவளிடம் “உன்னால் தாங்க முடியும் என்பதால்தான் கொடுத்தார்” என்று சொல்கிறோம். அந்த வசனத்தை எழுதின பவுலே அதே ஊருக்கு எழுதின அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போகும்படி எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம் வந்தது என்று ஒத்துக்கொள்கிறார். பலத்துக்கு மிஞ்சியும் வரும்.

புலம்பல் நமக்கு அந்நியமும் இல்லை. ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஊர் இது. எரேமியா 9:17இல் கர்த்தரே புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார். அழுகையில் தேர்ந்தவர்கள் என்று தனி ஆட்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். புலம்பல் புத்தகத்தின் முதல் நாலு அதிகாரங்களும் எபிரெய எழுத்து 22ஐயும் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போகின்றன, நம் அகரவரிசைப் பாட்டு மாதிரி. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. அழுகைக்கு ஒரு வடிவம் இருந்தால் அதற்கு ஒரு முடிவும் இருக்கும், நடுவில் மூச்சு வாங்கவும் இடம் கிடைக்கும். கிறிஸ்தவனானால் ஒப்பாரி கூடாது என்று பல சபைகளில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை என்பதுதான் குறை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்களுக்கு. பத்து நிமிஷம் போதும். ஆறு பேராகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். கீமோ எடுத்து ஏழு முதல் பதினாலு நாளுக்குள் வெள்ளையணுக்கள் அதிகம் இறங்கியிருக்கும். சளி, இருமல் இருந்தால் அந்த நாட்களில் போன் பண்ணினால் போதும். உள்ளே போனதும் நாற்காலி இழுத்து உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கும், அதோடு நீங்கள் கிளம்பத் தயாராக இருப்பது போலவும் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “அக்கா, இன்றைக்கு எதற்காக ஜெபிக்கணும்?” பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். புற்றுநோய் நீங்கவேண்டும் என்று நீங்கள் தயாராகப் போயிருப்பீர்கள். அவர் மலச்சிக்கல் என்பார், மகள் பரீட்சை என்பார். அதற்கே ஜெபியுங்கள், அதே சொல்லை வைத்து. பக்கத்துப் படுக்கைக்காரர் தூங்குகிற அளவு சத்தத்தில்.

வார்டு வாசலிலேயே விட்டுவிட வேண்டிய வாக்கியங்கள் சில. “ஏதாவது பாவம் மறைத்து வைத்திருக்கிறீர்களா?” என்பது அதில் தலையாயது. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டது இதைத்தான். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு முதல் வரியிலேயே மூடிவிட்டார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகலாக வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதற்குப் பிறகு பேச ஆரம்பித்ததும் கெட்டது.

எண்ணெய் பூசுவதைப் பற்றி யாக்கோபு 5:14 சொல்லும் ஒழுங்கைக் கவனியுங்கள்: வியாதிப்பட்டவன்தான் மூப்பரை வரவழைக்கிறான். அழைக்காமல் போய்ப் பூசுவது அந்த வசனத்தில் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நெற்றியில் ஒரு துளி. தையல் போட்ட இடத்திலும், ஊசிக்குழாய் இறங்கியிருக்கிற இடத்திலும் கூடவே கூடாது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் முகத்தில் எண்ணெய் வேண்டாம். ஆக்சிஜன் அதிகமான இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். மெழுகுவர்த்தியும் அதே காரணத்துக்காகக் கூடாது. சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு புறங்கையில் வைக்கலாம்.

உபவாசம் இன்னும் கவனமான விஷயம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வரும். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் ஆபத்து. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். விழுங்க முடியாத அளவு மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடவேண்டும். வீட்டில் ஆரோக்கியமாக இருக்கிறவர் அவருக்காக உபவாசிக்கட்டும்.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்வது இதைவிட மோசம். காசநோய் மாத்திரையை ஆறு மாதம் முடியாமல் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்ப வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்து, பதினைந்து வருஷ ஆயுசு வாக்கும் வாங்கின பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொல்கிறார். பவுல் கூட்டாளியாக வைத்திருந்தது லூக்கா என்ற வைத்தியனை. அதே பவுல் துரோப்பீமுவை வியாதியோடேயே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார், ஒரு விளக்கமும் இல்லாமல். 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் என்ற மிஷனரி டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினது இன்றைக்கு எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்பது ஊருக்கே தெரியும். அற்புதத்துக்குக் காணிக்கை விலை சொல்கிறவர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

புலம்பல் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. புலம்புகிறவர் இன்னும் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், குளிக்கக்கூட எழமுடியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மருத்துவம் பார்க்க வேண்டியது. சாக விரும்புவதாகச் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், தனியே விடவும் வேண்டாம்; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், தூக்கம். தட்டியெழுப்பி மறுபடி அடை. எழுந்து சாப்பிடு, பிரயாணம் வெகுதூரம் என்பது மட்டும்தான் பேச்சு.

அந்த அடையும் தண்ணீரும் அதிகம் தேவைப்படுவது கூட இருக்கிறவருக்கு. வார்டில் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிற அட்டெண்டருக்கு 130ஆம் சங்கீதம் எழுதினது போலவே இருக்கும். எட்டு வசனம், ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். “எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும்” என்கிற வரி, டிரிப் பாட்டில் தீர்கிறதா என்று மூன்று மணிக்குப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். கூடவே, வாரத்தில் ஒரு ராத்திரி அவருக்குப் பதிலாக யார் படுப்பது என்று சபையில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு நகலோடு அலைய ஒரு ஆள் வேண்டும்; ஜெபக்குழுவில் நன்றாக ஜெபிக்கிறவரைவிட நன்றாக வரிசையில் நிற்கிறவர் இந்த வேலைக்குத் தோது.

கடைசி மணி நேரங்களில் நீளமாக வாசிக்கவேண்டாம். நினைவு தப்பியவருக்கும் காது கேட்கலாம் என்று எண்ணியே நர்சுகள் பேசுவார்கள், நீங்களும் அப்படியே. சிலுவையில் இயேசு இரண்டு இடத்தில் சங்கீதத்தைத்தான் எடுத்தார்: ஒன்று 22இன் “ஏன் என்னைக் கைவிட்டீர்”, மற்றது 31:5, “உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்.” அந்த ஒற்றை வரியை, அவருக்குப் பழக்கமான குரல் யாருடையதோ அவர், கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னால் போதும். பத்து பேர் சுற்றி நின்று உரத்துப் பாடுவது நமக்குத்தான் ஆறுதல்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். முப்பதாம் நாளுக்கும் பிரியாணி போட்டு வருவார்கள். முப்பத்தோராம் நாளிலிருந்து 88இன் கடைசி வசனம் சொல்லுக்குச் சொல் நடக்க ஆரம்பிக்கிறது: அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள். போக வேண்டிய நாள் அது. இறப்புப் பதிவு 21 நாளுக்குள் முடிந்திருக்கிறதா, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்று கேளுங்கள். அவர் பெயரை நீங்களாகவே எடுத்துப் பேசுங்கள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லி ஒரு மாதம் ஆகியிருக்கலாம். ஜெபிக்கச் சொன்னால் பதின்மூன்றை எடுத்து நாலு வசனம் வாசியுங்கள். ஐந்தாவதை அவர்களே கேட்டால் வாசிக்கலாம்.